ஒன்றும் ஆகாத வெள்ளிக்கிழமை

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை ராத்திரியில்தான் பிடிப்பார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை உடைப்பதற்காகவே அந்தப் போக்குவரத்து உதவி ஆய்வாளர் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேம்பாலத்துக்கு அடியில் தடுப்புகளை வைக்கச் சொல்வாள். பதவி உயர்வு, பிறந்தநாள், புது வேலை என்று எதையாவது சாக்கு வைத்து மதிய விருந்து நடப்பது வெள்ளிக்கிழமைகளில்தான். வெயிலோடு வெயிலாகக் கண் சிவந்து வருகிறவர்கள் தடுப்பைப் பார்த்ததும், தங்களுக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டது போல முழிப்பார்கள்.

அன்று அந்தத் தடுப்பில் வந்து மாட்டியது அவளுடைய அண்ணன் மகன்.

சாம்பல் நிறக் கார் வரிசையில் வந்து நின்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இடது கதவில் நீளமாக ஓடிய கீறல், அவளே ஒருநாள் வீட்டுக் கம்பிக் கதவில் உரசிப் போட்டது. ஓட்டி வந்தவனை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஆறடிக்கு வளர்ந்து, நிலைவாசலில் தலையைக் குனிந்து நுழைகிற ஆளாகி, இருபத்தொரு வயதும் முடிந்துவிட்டது; பெயர் மட்டும் வளரவில்லை. பக்கத்து இருக்கையில் அவளுடைய மகள். முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் வாண்டு அவளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைக்க, அதையே வீடும் பிடித்துக்கொண்டது.

"அத்தை!" என்றான் வாண்டு, ஜன்னலருகே குனிந்த கான்ஸ்டபிள் பெண்ணைத் தாண்டி, அவ்வளவு சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கு முதலில் உறைத்தது. சாதாரணமாக அவளைச் சீருடையில் பார்த்தால் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவான். அவள் கிட்டே போனாள். புதினா மிட்டாய் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் வந்தது.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"வேலை கிடைச்சதுக்கு ஃப்ரெண்ட்ஸுக்கு ட்ரீட் குடுத்தேன் அத்தை. இவளையும் காலேஜ்ல இருந்து கூட்டிட்டுப் போனேன். இப்ப நேரா வீட்டுக்குத்தான்."

"குடிச்சியா?"

"அவன் குடிக்கலம்மா," என்று மகள் முந்தினாள்.

"உன்னைக் கேக்கல."

"ஒரே ஒரு பீர் அத்தை. அதுவும் சாப்பாட்டோட."

இத்தனை வருஷ வேலையில், இரண்டு குடித்தேன் என்று சொன்ன ஒருவரை அவள் இன்னும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே ஒன்றுதான்.

கான்ஸ்டபிள் அவளைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தாள். வேலைக்குப் புதிது, நல்ல மனசுக்காரி. "மேடம், நம்ம வீட்டுப் பையனா? பின்னாடி ஒரு லாரி நிக்குது. நான் வேணா அதைப் பாக்கப் போறேன். அதுக்குள்ள இவங்க கிளம்பிட்டா யார் கேக்கப் போறா?"

எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டாள் என்று உதவி ஆய்வாளருக்குத் தோன்றியது. யாரும் விட்டதாகவும் ஆகாது, யாரும் தப்பியதாகவும் ஆகாது. லாரி வந்தது, கார் போனது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் காதைத் திருகி நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். இங்கிருந்து வீடு ரொம்பத் தூரமும் இல்லை. மனசு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமாகப் போய் நின்றது. பிறகு காருக்குள் பார்த்தாள். வாண்டு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் விட்டுவிடுவாள் என்பதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

"நீ ஊதச் சொல்லு," என்றாள். "நான் செய்யக் கூடாது, சொந்தக்காரன். எழுதும்போது அதையும் சேத்து எழுது."

"என்னன்னு மேடம்?"

"வண்டி ஓட்டினது என் அண்ணன் மகன்னு."

சொல்லிவிட்டுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தன் முகம் எதையாவது காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் அளவு ரொம்பக் கொஞ்சம்தான். வாண்டு ஊதியதில் வந்த அளவு, அந்த எல்லையை நன்றாகவே தாண்டி நின்றது. மெஷின் சரியில்லை என்றான். இரண்டாவது முறை ஊத அவனுக்கு உரிமை உண்டு. ஊதினான். இன்னும் கூடுதலாகக் காட்டியது. கடைசியாகக் குடித்தது அப்போதுதான் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அதன் பிறகுதான் இறங்கியது. "அத்தை, அடுத்த வாரம் வேலைல சேரணும்."

அவளுக்குத் தெரியாதா? விமான நிலையத்தில், விமானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே பெட்டிகளை இழுத்துப் போகும் வண்டியை ஓட்டுகிற வேலை. அதற்கு வேண்டிய கனமான காலணியை வாங்க அவள்தான் அவனோடு கடை கடையாக ஏறி இறங்கினாள். அவன் கால் அளவுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

"தெரியும். இறங்கு. சாவியைக் குடு."

மகள் காரிலிருந்து இறங்கி அவள் எதிரே வந்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. "நீயெல்லாம் ஒரு மனுஷியாம்மா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

*

அண்ணன் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவர் மாடியில் தன் மேசையில் உட்கார்ந்து மெழுகில் வடித்து, தேய்த்து, நிறம் சேர்த்துக் கொடுப்பார். இந்த ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு நான் செய்தது என்று சொல்லிக்கொள்வார். அவளுடைய கணவர் இறந்தபோது மகளுக்கு நாலு வயது. கீழ்வீட்டைக் காலி செய்து, தங்கையையும் குழந்தையையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டவர் அவர். அவள் இரவுப் பணிக்குப் போன நாட்களில் குழந்தைக்குச் சோறூட்டித் தூங்க வைத்தது அண்ணி. அண்ணன் இல்லாவிட்டால் நான் இல்லை என்று அவளே பலரிடம் வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் காவல் நிலையத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார். மகனை அழைத்துப் போனார். அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா," என்றார். சீருடை போட்ட நாற்பது வயதுக்காரியை அப்படிக் கூப்பிட ஊரில் அவர் ஒருவர்தான் உண்டு. "ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நான் ஓடி வந்து வண்டியை எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

"எல்லாரோட அப்பாவும் இதைத்தாண்ணா சொல்றாங்க."

"எல்லாரும் நானும் உனக்கு ஒண்ணா?"

மேல்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "என்ன ஆயிடுச்சு இப்ப? யாரையாவது இடிச்சானா? ஒரு கோழிக்குஞ்சாவது செத்துச்சா? ஒண்ணும் ஆகலையே! ஒண்ணும் ஆகாததுக்குப் போய் என் புள்ளையோட பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே. நீயே தூக்கி வளத்த புள்ளைடி!"

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளிடம் பதில் இல்லாத வார்த்தை. ஆனவற்றை அவளால் சொல்ல முடியும். கார்க் கதவை அறுத்து வெளியே எடுக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லலாம். உடம்பு ஒரு பக்கம் கிடக்க, எங்கோ தள்ளித் தனியாகக் கிடந்த செருப்பைப் பற்றிச் சொல்லலாம். அதிகாலையில் ஒரு வீட்டு மணியை அடித்தபோது, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்ட அம்மாவைப் பற்றிச் சொல்லலாம். எதையும் அவள் வீட்டுக்குள் கொண்டு வந்ததில்லை. சொன்னாலும், அதெல்லாம் வேறு யாருடைய பிள்ளைகளோ. வாண்டு முழுசாக மாடியில் படுத்திருக்கிறான். நடக்காமல் போன ஒன்றை எடுத்து யார் கண்ணில் காட்டுவது?

அன்றிலிருந்து மகள் மாடியிலேயே சாப்பிட்டாள். கீழே தூங்க மட்டும் வந்தாள்.

*

அண்ணன் பிடித்த வக்கீல் கெட்டிக்காரர். "சொந்த அத்தையே நிறுத்தியிருக்காங்க. குடும்பத்துக்குள்ள ஏதோ விரோதம்னு கொண்டு போயிடலாம்," என்றாராம். வீடு, பாகம் என்று ஏதாவது தகராறு உண்டா என்று தோண்டினாராம். வாண்டு மறுத்துவிட்டான். "எங்களுக்குள்ள விரோதமெல்லாம் இல்ல சார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே எங்கத்தைதான்." இது அவள் காதுக்கு ஒரு வாரம் கழித்து, நீதிமன்ற வாசலில் டீ குடிக்க வந்த வக்கீல் மூலமாகவே வந்தது. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். வாண்டுவைப் போலவே இஸ்திரி போட்ட சட்டையில் ஏழெட்டு இளவட்டங்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு அப்பாவோ அம்மாவோ. நீதிபதிக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக ஒவ்வொருவரையும் கேட்டார். வாண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம். ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் முடக்கம். விபத்துகளைப் பற்றிய இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்ததற்குச் சான்று கொடுக்க வேண்டும். "இது உன் பேர்ல பதிவாகும், தம்பி. இதே தப்போட மறுபடி என் முன்னாடி வந்து நின்னா ஜெயிலுக்குத்தான் அனுப்பணும்," என்றார். மிரட்டவில்லை, மருந்துச் சீட்டை விளக்குவது போலச் சொன்னார்.

வேலை போனது. தண்டனை பதிவான ஒருவரை விமானங்களுக்கு நடுவே வண்டியில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாண்டு மூன்று முறை நேரில் போய் நின்றான். கடைசியில், வண்டி ஓட்டாத வேலை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் வா என்றார்கள். பெட்டிகளைக் கையால் தூக்கி அடுக்குகிற வேலை. சேர்ந்துகொண்டான். காரை அண்ணன் மட்டும் ஓட்டினார். கார்க் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போனால், கம்பெனிக்காரர்கள் அந்த வழக்கைச் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்கள். வாண்டு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தான். இடுப்பு வலிக்கிறது என்று அண்ணி அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது கீழே இருந்தவளுக்குக் கேட்கும். வேண்டுமென்றே கேட்கும்படிதான் அண்ணி பேசினாள்.

*

ஐந்தாறு மாதம் கழித்து, அவளுடைய வார விடுமுறை நாளில், மத்தியானம் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. வாண்டு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மகள், அழுது முடித்த முகத்தோடு. உதவி ஆய்வாளர் கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னடா?"

"அத்தை, மேம்பாலத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்கூல் இருக்குல்ல?"

"ஆமா."

"அது வாசல்ல ஒரு சிக்னல் இருக்கு."

"ரொம்ப வருஷமா இருக்குடா."

"இப்ப என் பஸ்ஸு தினமும் அங்க நிக்குது. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப கரெக்டா ஸ்கூல் விடுற நேரம். குட்டிக் குட்டிப் புள்ளைங்க, முதுகை விடப் பெரிய பை. பாத்துட்டே இருப்பேன். ஒரு நாள் யோசிச்சேன், அன்னிக்கு நானும் இந்த வழியாத்தானே வந்தேன், இதே நேரத்துக்கு. ஆனா அந்த சிக்னல் எனக்கு ஞாபகமே இல்ல அத்தை. ஹோட்டல் ஞாபகம் இருக்கு. நீங்க நின்னது ஞாபகம் இருக்கு. நடுவுல நின்னேனா, போனேனா, ஒண்ணுமே இல்ல. அழிச்சு விட்ட மாதிரி இருக்கு." திரும்பி அவளைக் காட்டினான். "இவகிட்ட கேட்டேன். ஞாபகம் இல்லன்னு மழுப்பிட்டே இருந்தா. விடாமக் கேட்டேன். இன்னிக்குத்தான் சொன்னா."

மகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"செவப்பு விழுந்திருந்ததும்மா. ஒரு அம்மா பையன் கையைப் பிடிச்சுட்டு ரோட்டுல இறங்கிட்டாங்க. பையன் ஒரு எட்டு முன்னாடி. இவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிட்டே போறான். நான் கத்தினேன்னுதான் நினைச்சேன். கத்தலம்மா. தொண்டைல சத்தமே வரல. அந்தம்மா பையனைச் சுண்டி இழுத்தாங்க. அவன் ஸ்கூல் பை மட்டும் நம்ம சைடு மிரர்ல பட்டு 'டப்'புன்னு ஒரு சத்தம். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'என்னது, காக்காவா'ன்னு கேட்டுச் சிரிச்சான்."

வாண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?" உதவி ஆய்வாளரின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொன்னா கேஸ் பெருசாகும்னு பயம். அப்புறம்..." மகள் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம், சொன்னா நீ செஞ்சது சரின்னு ஆயிடும்ல?"

உதவி ஆய்வாளர் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக மனசுக்குள் தனியாக வாதாடி, தான் செய்தது சரி என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது ஆதாரமே வந்து எதிரே நிற்கிறது. எடுத்துக்கொள்ளக் கை வரவில்லை. அந்தப் பையன் ஒரு எட்டு முன்னால் நிற்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது. அதே காரில் தன் மகள் உட்கார்ந்திருந்ததும், அதை ஓட்டியவனுக்குத் தான் சைக்கிள் பிடித்துவிட்டதும் கூடவே வந்தன. மகள் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"இதை எங்கயாவது போய்ச் சொல்லணுமா அத்தை?" என்றான் வாண்டு. "மறுபடி கேஸ் வருமா?"

"வரலாம். எனக்குச் சரியாத் தெரியல. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. நான் எழுத மாட்டேன், வேற ஆள் எழுதுவாங்க."

"வர்றேன். முதல்ல மேல போய் அப்பா அம்மாகிட்ட சொல்லிடறேன்."

வாண்டு படியேறிப் போனான். மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அண்ணி, "ஐயோ," என்றாள். ஒரே ஒரு தரம்தான். பிறகு அண்ணன் இறங்கி வந்தார். விரல் நுனிகளில் மெழுகு அப்பியிருந்தது. பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார். துணிகளுக்கு நடுவே குனிந்து வந்து, தங்கைக்கு எதிரே நின்றார்.

"பாப்பா, உன் இடத்துல நான் இருந்திருந்தா அவனை விட்டிருப்பேன்."

"தெரியும்ணா."

"இப்பவும் விட்டிருப்பேன்னுதான் தோணுது. இவ்வளவும் கேட்டப்புறமும். அதான் எனக்கு பயமா இருக்கு."

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கூடை இரண்டு பேரைத் தாங்காது. அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் வாண்டு நிலையத்துக்குப் போய்ச் சொன்னதை வேறொரு அதிகாரி எழுதிக்கொண்டார். பள்ளியில் விசாரித்தபோது, அந்த அம்மா அந்த வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியையிடம் வந்து முறையிட்டிருப்பது தெரிந்தது. காரின் நிறத்தைத் தவிர அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஆள் தெரிந்தும் புகார் கொடுக்க விருப்பமில்லை என்றுவிட்டார். கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய நேரமில்லை என்றாராம். சிவப்பு விளக்கை மீறியதற்கு வாண்டு தனியாக அபராதம் கட்டினான். முடக்கம் இன்னும் சில மாதங்கள் நீண்டது. அண்ணி கீழே இறங்கி வந்து நாத்தனாரோடு பேச அதற்குப் பிறகும் நாள் ஆனது. பேசினாலும், நடுவில் "என்ன இருந்தாலும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொள்வாள்.

பள்ளி விடுகிற நேரத்தில் ஒருநாள் வாண்டு தானாகவே அந்த வாசலில் போய் நின்றான். தலைமையாசிரியை அந்த அம்மாவைக் காட்டினார். நான்தாங்க அந்தக் காரை ஓட்டினேன் என்று சொன்னான். அவர் பையனைத் தன் இன்னொரு பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்ப ஓட்டுறியா?"

"இல்லீங்க. லைசென்ஸ் இல்ல."

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பையன் மட்டும் திரும்பித் திரும்பி அவன் உயரத்தைப் பார்த்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் வாண்டு இதை அத்தையிடம் வந்து சொன்னான். "நாலு திட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் அத்தை. ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாங்க."

"நின்னு திட்ட அவங்களுக்கு ஏதுடா நேரம்?" என்றாள் அவள். "புள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்ல?"